சில்லறை

"மறுபடியுமா?" என்றாள் செண்பகவடிவு.
"மறுபடியும் இல்லை, புதுசு" என்றார் டாக்டர் கர்ணிக்,
ஆறு வருடத்துக்கு முந்தைய படத்தையும்
போன செவ்வாய் எடுத்ததையும்
பக்கத்தில் பக்கத்தில் வெளிச்சத்தில் மாட்டி.
பழையது இடது. அதை அன்றே
மேல்மடலோடு எடுத்தாயிற்று.
இது வலது. கீழ்மடலின் ஓரத்தில்
ஒரு பொட்டுக்கடலை.
பழையதற்குத் தம்பியுமில்லை, பிள்ளையுமில்லை.
வேறு ஸ்டாப்பில் ஏறிய ஆள்.

பழையது பரவி வந்திருந்தால் கத்தி உதவாதாம்.
புதிதென்றால் எடுத்துவிடலாமாம்.
பரேல் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று
என் மகன் பன்வேலுக்குப் போன் போட்டான்:
"நல்ல செய்திதான், இது வேற கேன்சர்."
பெஞ்சில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது.
அந்த ஒரு சொல்லையும் இவன் சிரிப்பையும்
மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டர்.
பீடி உண்டு, ஒளிக்க மாட்டேன்.
டெப்போ வாசலில் நாளைக்கு ஒரு கட்டு.
விட்டது முதல் ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி.

ஊதச் சொன்னார்கள், ஊதினேன்.
படியேறச் சொன்னார்கள்.
விரலில் கிளிப் மாட்டிய பெண்
ஒரு படி பின்னாலேயே வந்தாள்.
மாடிக்கு இருபத்திரண்டு படி.
இரண்டாம் மாடி திரும்புகையில் கிளிப் கத்தியது.
"நிற்கலாம், உட்காரக் கூடாது."
நின்ற பயணிகளை உள்ளே தள்ளியே
காலம் போனவன் நான்.
"புடே சலா, புடே சலா" என்று
எனக்கே சொல்லிக்கொண்டு ஏறினேன்.

டாக்டர் என் சீட்டின் பின்பக்கம்
ஒரு மரத்தைத் தலைகீழாக வரைந்தார்.
"மடல் முழுசும் வேண்டாம். இந்தக் கிளை மட்டும்.
மிச்சத்தை வைத்து நீங்கள் மூச்சு விட வேண்டுமே."
எனக்குப் புரிந்தது.
போன தடவை நோட்டாகக் கொடுத்தேன்,
இப்போது பையில் நோட்டு இல்லை,
சில்லறையாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன் இந்தியில்.
அவர் சிரிக்கவில்லை.
"எவ்வளவு சில்லறை என்பது
உள்ளே போனால்தான் தெரியும்."

தியேட்டர் வாசலில் நர்ஸ்
கைப்பட்டியைப் படித்துத் திணறினாள்.
சு... டலை... முத்து. அர்த்தம் என்ன?
சுடுகாட்டுச் சாமி என்றா சொல்வது,
அந்தக் கதவுக்கு முன்னால்?
"காவல்" என்றேன். "காவல்காரர்."
அவளுக்குத் திருப்தி. எனக்கும்தான்.

பிறகு ஒன்றும் தெரியாது.
பிறகு எல்லாம் தெரிந்தது, விலா விலாவாக.

இடது தழும்பு
தோல்பையின் வார் கிடந்த இடத்துக்குச் சற்றுக் கீழே.
வலது பக்கத்துக்குப் பை பழக்கமில்லை.
இப்போது அதற்கும் வந்தது ஒன்று:
நெஞ்சிலிருந்து இறங்கும் குழாய்,
குழாய் நுனியில் டப்பா, டப்பாவில் ரத்தநீர்.
தூக்கிக்கொண்டு வார்டில் கட்டில் கட்டிலாக நடந்தேன்.
யாரும் டிக்கெட் கேட்கவில்லை.
இருமினால் டப்பாவில் குமிழ்.
குமிழ் நின்றால்தான் வீடு என்றார்கள்.
எட்டாம் நாள் காலை நின்றது.
நம்பாமல் இன்னும் இரண்டு தடவை இருமிப் பார்த்தேன்.

உறிஞ்சும் பெட்டியில் மூன்று பந்து.
ஒன்று எழும்பும். இரண்டாவது,
செண்பகம் பார்க்காதபோது எழும்பும்.
மூன்றாவதை நான் அசைத்ததேயில்லை.
அது அங்கேயே இருக்கட்டும்.

ஆன்டாப் ஹில்லில் எங்களுக்கு நாலாம் மாடி.
லிப்ட் என்று ஒரு பள்ளம் உண்டு, லிப்ட் இல்லை.
செண்பகம் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கி
எனக்கு முன்னால் போகிறாள்.
ஒவ்வொரு திருப்பத்திலும் போடுகிறாள், உட்காருகிறேன்.
எழுந்ததும் அதை எடுத்துக்கொண்டு
அடுத்த திருப்பத்துக்கு.
மூன்றாம் மாடிப் பையன் கதவைத் திறந்து
"அங்கிள், எங்கே போறீங்க?" என்றான்.
பதில் சொல்ல மூச்சு சேரவில்லை.
மேலே கை காட்டினேன்.
ஸ்டூல் ஏற்கனவே
அடுத்த ஸ்டாப்பில் நின்றிருந்தது.
அவளுக்கும் மூச்சு வாங்கியது.
"நீ முதல்ல உட்காரு" என்றேன்.